அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் இறங்கியவர்களே, வழியில் எதைப் பார்த்தீர்கள்?

எல்லாரும் முதலில் கேட்பது பாம்பைப் பற்றித்தான். ஆனால் அங்கே ஆட்களை அதிகம் கடிப்பது அணில். முதுகில் மூன்று கோடு போட்ட நம் ஊர் அணில் இல்லை, அதைவிடப் பல மடங்கு பெரிய பாறை அணில். பிரைட் ஏஞ்சல் பாதையில் ஒன்றரை மைலில் ஒன்றும் மூன்று மைலில் ஒன்றுமாக இளைப்பாறும் கூடங்கள் இருக்கின்றன, அங்கே பையைக் கீழே வைத்ததும் எங்கிருந்தோ வந்துவிடும். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒருவர் கடலையை விரல் நுனியில் பிடித்து நீட்டினார், அது கடலையோடு சேர்த்து விரலையும் கடித்துவிட்டது. ரத்தம் நிற்கவே வெகுநேரம் ஆனது. அங்குள்ள அணில், எலிகளின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி வழியாக பிளேக் கூடப் பரவலாம் என்பதால் கடி வாங்கியவர் மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும். பாவம், தப்பு அணில் மேல் இல்லை, தீனி போட்டுப் பழக்கியவர்கள் மேல்தான். தயவுசெய்து யாரும் எதையும் கொடுக்காதீர்கள்.

இரவில் வேறு ஆள் வருவார். கீழே ஆற்றோர முகாமில் சாப்பாட்டை வைக்க இரும்புப் பெட்டி கொடுத்திருக்கிறார்கள், பற்பசை உட்பட வாசனையுள்ள எல்லாம் அதற்குள் போகவேண்டும். நெற்றி விளக்கைத் திருப்பியபோது பெட்டியின் மூடி மேல் ரிங்டெயில் என்கிற ஒரு சின்ன விலங்கு: பெரிய கண்கள், உடம்பு நீளத்துக்கு வால், அதில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள். மூடியின் விளிம்பு முழுக்க மோந்து பார்த்துவிட்டு, தலைகீழாகப் பாறையில் இறங்கிப் போனது. பின்னங்கால் பாதத்தை அப்படியே பின்பக்கம் திருப்பிக்கொள்ள அதனால் முடியும்.

-----

அணில் சரி, கோவேறு கழுதைகளை விட்டுவிட்டீர்களே! ஆளையும் சாமானையும் சுமந்துகொண்டு வரிசையாக வரும். அவற்றுக்குத்தான் முதல் வழி. மலைப்பக்கமாக ஒதுங்கி, ஓட்டி வருபவர் சொல்வதைக் கேட்டு, கடைசிக் கழுதை நன்றாகத் தாண்டிப் போகும்வரை அசையாமல் நிற்கவேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் லேசாக இடித்தாலே போதும், அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று, கோடையில் பள்ளத்தாக்கின் அடியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். காலை 10 முதல் மாலை 4 வரை நடக்காதீர்கள் என்று ரேஞ்சர்கள், அதாவது பூங்காக் காவலர்கள், சொல்வது சும்மா இல்லை. ஏறும்போது எதிரே தள்ளாடி வந்த ஒரு பையன் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறான், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. உப்பு குறைந்தாலும் ஆள் விழுந்துவிடுவார். உட்காரவைத்து முறுக்குப் பாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, ரேஞ்சர் வரும்வரை கூடவே இருந்தோம். தெற்கு கைபாப் பாதையில் இறங்குகிறவர்கள் கூடுதலாக யோசியுங்கள், அந்த வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது.

-----

நான் பார்த்தது ‘கலிபோர்னியா காண்டார்’ என்கிற கழுகு. தெற்கு விளிம்புக்குச் சற்றுக் கீழே, எங்களுக்குத் தலைக்கு மேலேயே தாழப் பறந்தது, சிறகை அடிக்காமல். ஒன்பது அடிக்கு மேல் விரியும் சிறகு, காற்றை அது கிழிக்கும் சத்தம் கேட்டது. 1982-இல் உலகத்திலேயே மொத்தம் 22 தான் மிச்சம் இருந்தன, கூண்டில் வளர்த்து 1996-இல் அரிசோனாவில் திறந்துவிட்டார்கள். இன்றும் அவற்றை அதிகம் கொல்வது, வேட்டையில் செத்த விலங்கின் உடலில் தங்கிவிடும் ஈயக்குண்டுத் துணுக்குகள். சிறகில் எண் பட்டை இருக்கும். படம் எடுத்தால் எண் தெரிகிற மாதிரி எடுங்கள், அதை வைத்து அந்தப் பறவையின் வயது முதற்கொண்டு தேடிப் பார்த்துவிடலாம்.