புதுச்சேரி: வாய்க்காலுக்குக் கிழக்கே மட்டும் பார்த்தால் போதுமா?

கடலோரத்தான்:
முதன்முறையாகப் புதுச்சேரிக்கு வருபவருக்கு ஒன்றரை நாள்தான் இருக்கிறது என்றால், ஊரைக் கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட பகுதியை விட்டு அவர் வெளியே அலையத் தேவையில்லை என்பது என் கருத்து. கடற்கரைச் சாலை, 1836-இல் முதன்முதலாக ஒளிர்ந்த பழைய கலங்கரை விளக்கம், காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் செஞ்சிக் கல்தூண்கள், பாரதி பூங்கா, அரவிந்தர் ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில் ஆகிய அனைத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். மாலை ஆனதும் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பதால் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் கவலையில்லை. இந்த ஊரை மற்றக் கடலோர ஊர்களிலிருந்து பிரித்துக் காட்டுவது பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற தெருக்கள்தாம். மேற்கே இருப்பது எந்த ஊரிலும் காணக்கூடிய கடைத்தெரு.

மேற்குவீதி:
அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை, நண்பரே. நூல் பிடித்தாற்போல ஓடும் வீதிகளுக்குத் திட்டம் வரைந்தவர்கள், 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் வசம் வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நாம் படமெடுத்து மகிழும் மஞ்சள் சுவர்கள் அதற்குப் பிறகு எழுந்தவை. நீங்கள் சொன்ன பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபமும், மேற்கே முத்தரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்த கதையைத்தான் சொல்கிறது. கிழக்கை மட்டும் பார்த்தால் அந்தக் கதையில் பாதிதான் கிடைக்கும்.

மேற்கே போனால் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இருக்கிறது. பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து, நாள்தோறும் குறிப்பெழுதி வைத்தவர் அவர். கீழ்த்தளத்தில் நம் வழக்கப்படி மரத்தூண்கள் தாங்கும் முற்றமும், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணித் தூண்வரிசையுமாக அந்த ஒரே வீட்டில் இரண்டு ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன. வைசியாள் வீதியில் திண்ணைக்கு முன்னால் தெருவரை இறங்கும் தாழ்வாரத்தைப் பாருங்கள்: வீட்டாருக்காக அல்லாமல், வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்குவதற்கென்றே போட்ட கூரை அது. இதை எந்த ஊர்க் கடைத்தெருவில் கண்டீர்கள்?

கடலோரத்தான்:
தாழ்வாரத்தின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றுள் பல, மக்கள் குடியிருக்கும் வீடுகள். கதவு சாத்தியிருந்தால் வெளியூர்க்காரர் தெருவில் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். மேலும், பிரெஞ்சு ஆட்சியை வெறும் சுவர் வண்ணமாகக் குறுக்கிவிட வேண்டாம். பாரதியார் 1908 முதல் 1918 வரை ஆங்கிலேய அரசின் கைக்கு எட்டாமல் இங்கே வாழ முடிந்தது என்றால், அதற்குக் காரணம் இது பிரெஞ்சு மண்ணாக இருந்ததுதானே?

மேற்குவீதி:
உண்மைதான், அடைக்கலம் தந்தது பிரெஞ்சு எல்லை. ஆனால் அவர் குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. பாரதிதாசன் வாழ்ந்த வீடும் மேற்கே பெருமாள் கோயில் வீதியில் இருக்கிறது. உங்கள் சான்றைப் பார்ப்பதற்கே வாய்க்காலைக் கடக்க வேண்டியிருக்கிறது!

குப்பத்துக்குரல்:
நீங்கள் இருவரும் கடலைப் பின்னணித் திரையாகவே வைத்துப் பேசுகிறீர்கள். கடற்கரைச் சாலையில் நிற்கும் வெளியூர்க்காரர் கேட்கும் முதல் கேள்வி, மணல் எங்கே என்பதுதான். மணலுக்குப் பதிலாகச் சாலையோரம் குவிந்திருக்கும் கருங்கற்கள் இயற்கையாக வந்தவை அல்ல. நம் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் திசை மாறுகிறது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்களைக் கட்டியபின் மணல் தெற்கே தேங்கியது, வடக்கே நகரத்தின் கரை கரைந்தது. சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். அரிப்பு அதற்கும் வடக்கே குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் கிராமங்களையும் தொட்டது. படகை இழுத்துப் போடவும் வலையை விரித்து உலர்த்தவும் கரை இல்லாதவனுக்கு அந்தக் கல்வரிசை அழகாகத் தெரியாது. ஊரை அறிமுகப்படுத்துகிறோம் என்றால் இதையும் ஒரு வரியாவது சொல்ல வேண்டும்.

கடலோரத்தான்:
இதைச் சொல்லாமல் விட்டது என் குறை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு அமைத்தபின் தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் மீண்டும் சேர்ந்திருக்கிறதே?

குப்பத்துக்குரல்:
சேர்ந்திருக்கிறது ஐயா, மகிழ்ச்சிதான். நடைபயிற்சிக்காரர்களுக்குக் கரை கிடைத்திருக்கிறது. நான் கேட்பது எங்கள் குப்பத்துக்கு எப்போது கிடைக்கும் என்று.

கடலோரத்தான்:
சரி, என் பரிந்துரையைத் திருத்திக்கொள்கிறேன். முதல் நாள் மாலை கடற்கரைச் சாலை. மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் வைசியாள் வீதி, பிறகு பாரதியார் இல்லம். ஒன்றரை நாளுக்குள் இதற்கு மேல் அடைத்தால் பார்த்ததெல்லாம் குழம்பிப்போகும் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

மேற்குவீதி:
அப்படியே வைத்துக்கொள்வோம். திண்ணையில் யாரேனும் உட்கார்ந்திருந்தால், கேட்டுவிட்டுப் படமெடுக்கச் சொல்லுங்கள். கேட்டவர்களை உள்ளே அழைத்து முற்றத்தைக் காட்டிய வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.