வீட்டில் வார்த்த செயற்கைப் பாறையை வைத்ததும் உப்புநீர்த் தொட்டி பால்போல் வெளுத்துவிட்டது – உதவி தேவை

கேள்வி – காத்ர் போர்னிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 180 லிட்டர் உப்புநீர்த் தொட்டி ஒன்று உள்ளது. அதில் இரண்டு கோமாளி மீன்களையும் சில மென்பவளங்களையும் ஓராண்டாக வளர்த்து வருகிறேன். மொரிஷியஸ் கடலிலிருந்து பவளத்தை எடுப்பது சட்டப்படி தடை; கடையில் விற்கும் பாறையின் விலையோ என் கைக்கு எட்டவில்லை. ஆகவே சிமெண்டில் நானே பாறை வார்த்தேன்.

ஒரு பங்கு சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட், மூன்று பங்கு ராக்சேண்ட் (கருங்கல்லை உடைத்த மணல்), ஒரு பங்கு கல்லுப்பு ஆகியவற்றைக் கலந்து, ஈரமணலில் குழி பறித்து அதில் வார்த்தேன். மறுநாள் எடுத்து மொட்டை மாடியில் நான்கு நாள் நல்ல வெயிலில் உலர்த்தினேன். பிறகு பத்து நாள் தண்ணீரில் ஊறவைத்து, கடைசி இரவு வினிகரில் போட்டு, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் கழித்து அளந்தபோது பி.எச். 8.3 என்று காட்டியது. இனி அச்சமில்லை என்று நம்பி, சனிக்கிழமை காலை சுமார் 12 கிலோ பாறையைத் தொட்டியில் அடுக்கினேன்.

ஞாயிறு மாலை தண்ணீர் பால்போல் ஆகிவிட்டது. பி.எச். 8.9. கே.எச். (நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) 8 இலிருந்து 5க்கு இறங்கிவிட்டது. ஹீட்டரின் மேல் வெள்ளைப் பொருக்கு ஒன்று படிந்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் உப்புத்தாளைத் தேய்த்ததுபோல் கரகரக்கிறது. பம்பின் சுழலியும் அதே பொருக்கால் இறுகி நின்றுவிட்டது. மீன்கள் நீர்மட்டத்தில் மூச்சிரைத்ததால், சேமித்து வைத்திருந்த உப்புநீரை ஒரு வாளியில் நிரப்பி அவற்றை அதற்கு மாற்றிவிட்டேன். பி.எச். ஏறும்போது கே.எச். ஏன் இறங்க வேண்டும்? கே.எச்.சை உயர்த்தும் மருந்தை ஊற்றலாமா? இந்தப் பாறைகளைக் காப்பாற்ற வழி உண்டா?

பதில் – ஃபிளோரியாலிலிருந்து

மருந்து எதையும் ஊற்றாதீர்கள். முதலில் பாறைகள் அனைத்தையும் வெளியே எடுங்கள். காற்றுக் குமிழி விடும் காற்றுக் கல்லை ஓடவிட்டு, அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயு நீரில் கரையக் கரைய பி.எச். தானாக இறங்கும். கால் பங்கு நீரை, அதே உப்பளவும் அதே வெப்பமும் கொண்ட புது நீரால் மாற்றுங்கள். அம்மோனியாவையும் இன்றே அளந்துவிடுங்கள். பி.எச். 8.2 இலிருந்து 8.9க்கு ஏறினால், இருக்கிற அம்மோனியாவில் நச்சாகும் பங்கு மூன்று மடங்குக்கும் மேல் பெருகும். பி.எச். சரியான பின்னரே மீன்களைத் திரும்ப விடுங்கள்.

பதில் – கியூர்பிப்பிலிருந்து

தம்பி, நான் பள்ளியில் வேதியியல் கற்பிக்கிறேன். இதே தவற்றை நானும் செய்திருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சிமெண்ட் இறுகும்போது அதனுள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, உண்டாகிறது. அது நீரில் முழுதாய்க் கரைந்தால் பி.எச். 12க்கு மேல் போகும். உங்கள் பாறையிலிருந்து கசிந்த சுண்ணாம்பு, கடல்நீரிலுள்ள பைகார்பனேட்டைக் கார்பனேட்டாக மாற்றியது. கார்பனேட் அங்கிருந்த கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணக்கல் தூளாக விழுந்தது. தண்ணீரின் வெண்மையும் ஹீட்டரின் பொருக்கும் அந்தத் தூள்தான். சூடான பரப்பில் அது விரைவாகப் படியும் என்பதால்தான் ஹீட்டர் முதலில் பூத்தது. கே.எச். அந்தத் தூளோடு சேர்ந்து அடியில் இறங்கிவிட்டது. இந்த நிலையில் கே.எச். மருந்து ஊற்றினால் இன்னும் அதிகமாக வெளுக்கும்.

வினிகர் உங்களை ஏமாற்றிவிட்டது. பாறையின் மேற்பரப்பிலுள்ள சுண்ணாம்பு கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்லிய சுண்ணக்கல் தோலாகி, உள்ளிருப்பதை ஓரளவு அடைத்து வைக்கும். வினிகர் அந்தத் தோலையே கரைத்துவிட்டு, புதுச் சுண்ணாம்பைத் திறந்துவிடுகிறது. மேலே ஒட்டியிருந்த அமிலத்தால் அரைமணி நேரத்துக்கு அளவு நன்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான். நான் முதலில் வார்த்த பாறை ஒன்றைச் சுத்தியலால் பிளந்து, வெட்டுமுகத்தில், காரம் பட்டால் சிவக்கும் பினாப்தலீன் சொட்டுகளை விட்டுப் பார்த்தேன். விளிம்பில் நகத்தின் கனமே உள்ள ஒரு வளையம் மட்டும் நிறம் மாறாமல் சாம்பலாக நின்றது. அதற்கு உட்பட்ட பகுதி முழுவதும் பன்னீர் ரோஜா நிறத்தில் பொங்கிச் சிவந்தது. மூன்று வாரம் ஊறிய பாறை அது.

உட்பகுதி முழுவதும் நிறமற்றுப் போகும்வரை காத்திருக்கத் தேவையில்லை, அது பல ஆண்டு ஆகும். எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்பதே கேள்வி. இரண்டு வாளிகளில் ஒரே உப்புநீரை நிரப்பி, இரண்டிலும் காற்றுக் கல் போட்டு, ஒன்றில் மட்டும் பாறையை வைத்து, மூன்று நாள் தண்ணீரை மாற்றாமல் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வேறுபாடு 0.1க்குள் இருந்தால் பாறை தயார். பாறையில்லாத வாளியைக் கட்டாயம் வையுங்கள். மூடிய அறையில் நாம் விடும் மூச்சே பி.எச்.சை இறக்கிவிடும்.

பதில் – மாஹேபூரிலிருந்து

தம்பி, நாற்பது ஆண்டு கொத்தனாராக வேலை செய்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. நான்கு நாள் வெயிலில் போட்டபோதே அதன் பலம் பாதியில் நின்றிருக்கும். விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தப் பாறையை விட்டுவிடுங்கள். மறுபடி வார்க்கும்போது ஈரச்சாக்கும் பிளாஸ்டிக் தாளும் போட்டு ஒரு வாரம் நிழலில் மூடி வையுங்கள். பிறகு நீராற்றுதலுக்கு, அதாவது நீரிலேயே இறுகிப் பலம் பெற, முழுதாக மூழ்க விடுங்கள்.

ராக்சேண்ட் நம் எரிமலைக் கருங்கல்லை உடைத்த தூள். வீட்டுச் சுவருக்கு அது போதும். தொட்டிக்குள் கனமாய், மூடிய பரப்பாய் நிற்கும், நுண்ணுயிர் குடியேற இடம் தராது. ஒரு காலத்தில் நாங்கள் காயலில் அள்ளிய பவள மணலால்தான் பூசினோம். 2001இல் அந்த மணல் எடுப்பது நிறுத்தப்பட்டது, அது நல்லதே. அதை நினைத்துக் கடற்கரைக்குப் போய்விடாதீர்கள். கோழித் தீவனக் கடையில் சிப்பி ஓட்டுத் தூள் கிடைக்கும். சிமெண்ட் ஒரு பங்கு, ஓட்டுத் தூள் மூன்று பங்கு, மொச்சைக் கொட்டை அளவுள்ள கல்லுப்பு ஒன்றரைப் பங்கு போதும். தண்ணீரைக் குறைத்து, கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்தில் பிசையுங்கள். உப்பைக் கடைசியில் சேர்த்து உடனே வார்த்துவிடுங்கள்; நேரம் போனால் உப்பு கலவைக்குள்ளேயே கரைந்து துளை விழாது. கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஈரச் சிமெண்ட் தோலை அரித்துவிடும்.

கேட்டவரின் மறுபதிவு – ஏழு வாரத்துக்குப் பின்

கியூர்பிப் அக்காவுக்கும் மாஹேபூர் ஐயாவுக்கும் என் நன்றி. பாறைகளை எடுத்த மறுநாள் இரவே தொட்டி 8.3க்குத் திரும்பியது. மீன்கள் நலம், மென்பவளம் ஒன்று மட்டும் பிழைக்கவில்லை. பழைய பாறைகளில் ஏழு, ஐயா சொன்னதுபோலவே விரலோடு மாவாக வந்தன. அவற்றைத் தோட்டத்து வரப்புக்குப் போட்டுவிட்டு, சிப்பி ஓட்டுத் தூளில் புதிதாக வார்த்தேன். ஒரு வாரம் சாக்கினடியில் இருந்ததை எடுத்து நீரில் மூழ்கவிட்டதும் உப்பு கரைந்து, விரல்நுனி நுழையும் துளைகள் திறந்தன. அதைக் கண்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஆறு வாரமாக மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுகிறேன். முதல் வாரம் வாளி நீர் 11க்கு மேல் இருந்தது. நேற்று முடிந்த இரு வாளிச் சோதனையில் பாறையுள்ள வாளி 8.5, இல்லாதது 8.2. இப்போது வைக்கலாமா?

பதில் – கியூர்பிப்பிலிருந்து

இன்னும் வேண்டாம், தம்பி. வேறுபாடு 0.3 இருக்கிறது, பாறையின் அளவோடு ஒப்பிட்டால் உங்கள் தொட்டியில் வாளியைவிட அதிக நீர் இருந்தாலும் இப்போதே போட வேண்டிய அவசியம் இல்லை. இந்த மழைக்காலத்து நீரைப் பிடித்து அதில் ஊறவையுங்கள். கனிமம் குறைந்த மென்னீர் சுண்ணாம்பை விரைவாக இழுக்கும். துத்தநாகத் தகரக் கூரையில் வழிந்த நீரை மட்டும் பிடிக்காதீர்கள், துத்தநாகம் முதுகெலும்பில்லா உயிர்களுக்கு ஆகாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதியுங்கள். 0.1க்குள் வந்ததும் முதலில் இரண்டே பாறைகளை வைத்து, ஒரு வாரம் தினமும் கே.எச். அளந்து, அது அசையாமல் நின்றால் மற்றவற்றைச் சேருங்கள்.