நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? பாட்டுக் காட்சிகளைப் பார்க்கக் கற்ற அனுபவங்கள்

கொல்லங்கோட்டிலிருந்து எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், மீனாட்சிபுரத்தைத் தாண்டிய ஒரு பனைவரப்பில், தமிழ் வரிகளும் மலையாள வரிகளும் மாறி மாறி வரும் ஆல்பம் பாட்டு ஒன்றின் படப்பிடிப்பில் ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பலகை) பிடிக்கும் வேலைக்குப் போயிருந்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு இரட்டை வேகத்தில், கீச்சுக் குரலில் ஓடியது. பாடகர் அந்த வேகத்துக்கு உதட்டை அசைக்கத் திணறிக்கொண்டிருந்தார். ஏதோ கோளாறு என்று நினைத்து ஒளிப்பதிவாளரிடம், "அண்ணா, பாட்டு வேகமாக ஓடுகிறதே, நிறுத்தச் சொல்லட்டுமா?" என்று கேட்டேன். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஐம்பதில் எடுக்கிறோம் தம்பி, இருபத்தைந்தில் ஓட்டுவோம்" என்றார். நொடிக்கு 50 பிரேம், அதாவது 50 தனித்தனிப் படம், எடுத்து 25 பிரேமாக ஓட்டும்போது எல்லா அசைவும் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். இரட்டை வேகத்தில் அசைந்த உதடு பாட்டோடு சரியாகப் பொருந்திக்கொள்ளும். முண்டின் மடிப்பும் தலைமுடியும் பனையோலையும் மட்டும் தண்ணீருக்குள் அசைவதுபோல் மிதக்கும். சிறுவயது முதல் பாட்டுகளில் நான் ரசித்துவந்த அந்த மிதப்பு எங்கே பிறக்கிறது என்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அதைவிடப் பெரிய பாடம் பத்து நாள் கழித்து, பாலக்காட்டில் படத்தொகுப்பு நடந்த அறையில் கிடைத்தது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும்; ஐந்து நிமிடம் வெயில், பத்து நிமிடம் மூட்டம் என்று பகல் கழியும். அதனால் சரணத்தின் தூரக் காட்சிகளைக் காலை ஏழரை மணிக்கும், அதே சரணத்தின் முகக் காட்சிகளை மாலை நான்கு மணிக்கும் எடுத்திருந்தோம். நிறத்தைப் பிறகு கணினியில் சமன் செய்துவிடலாம் என்பது எங்கள் நம்பிக்கை. படத்தொகுப்பாளர் ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, இரண்டு ஷாட்டுகளை அடுத்தடுத்து ஓடவிட்டார். முதல் ஷாட்டில் பாடகரின் நிழல் மேற்கே நீண்டு கிடந்தது. அடுத்ததில் அதே வரியைப் பாடும்போது மூக்கின் நிழல் எதிர்க் கன்னத்துக்குத் தாவியிருந்தது. நிறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம், விழுந்த நிழலை எழுப்பி மறுபக்கம் படுக்க வைக்க முடியாது என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு வெட்டும் இடத்தைப் பற்றியும் அவர் ஒரு கணக்குச் சொன்னார். அந்தப் பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 110 தாளத் தட்டு. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு தட்டுக்கு ஏறக்குறைய 13.6 பிரேம் வருகிறது. அதை 14 என்று முழுமையாக்கி வெட்டிக்கொண்டே போனால், பதினொரு தட்டுகளுக்கு 150 பிரேம் வரவேண்டிய இடத்தில் 154 வந்துவிடும். அந்த நான்கு பிரேம் பின்தங்கலில் ஆட்டக்காரரின் கால், பறை ஒலிக்குப் பின்தங்கி நடப்பதுபோல் தெரியும். அவரோ எண்ணிக்கையை நம்பாமல் அசைவை நம்பினார். கை மேலே எழத் தொடங்கும் ஷாட்டை, தட்டு விழுவதற்கு ஓரிரு பிரேம் முன்பாகவே வெட்டி, கை விரியும் ஷாட்டில் சேர்த்தார். கண் கையைத் தொடர்ந்து போனதால் வெட்டு நடந்ததே தெரியவில்லை.

கிரீன் மேட்டில், அதாவது பச்சைத் துணிமுன் எடுத்து, பிறகு கணினியில் பச்சையை நீக்கி வேறு பின்னணி வைக்கும் முறையில், நான் செய்த பிழையையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டு ஒரு மண்டபத்தில் பச்சைத் துணியை விரித்து, ஒரு பாடகியை அதற்கு இரண்டடி முன்னால் நிறுத்தி, நேர் முன்னிருந்து பளீரென்று வெளிச்சம் கொடுத்து எடுத்தேன். பின்னணியில் நெல்லியாம்பதி மலைச்சரிவின் அந்திவானத்தை வைப்பதாகத் திட்டம். செட்டுமுண்டின் வெள்ளையில் பச்சை படிந்து, துணியை நீக்கியபோது முந்தானை விளிம்பு அரித்ததுபோல் ஆயிற்று. அதையாவது ஓரளவு சரிசெய்ய முடிந்தது. சூரியன் முதுகுக்குப் பின்னால் மறையும்போது முகம் முன்னிருந்து ஒளிர்ந்ததை எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியவில்லை. ஆளைத் துணியிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி நிறுத்தி, துணிக்குத் தனி வெளிச்சம், ஆளுக்குத் தனி வெளிச்சம், தோளுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆரஞ்சு வெளிச்சம் என்று மறுபடி எடுத்த பிறகே மலையும் பெண்ணும் ஒரே ஊரில் நின்றார்கள்.

1998இல் வந்த 'உயிரே' படத்தில், நீலகிரி மலை ரயிலின் மேற்கூரையில் சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்த பாட்டை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். ரயில் வளைந்து வளைந்து ஏறுவதால் சூரியன் ஒருகணம் இடப்பக்கமும் மறுகணம் வலப்பக்கமும் நிற்பது அங்கே இயல்பாகிவிடுகிறது. எங்கள் பனைவரப்பில் குற்றமான நிழல்தாவல், அந்த ரயிலின் மேல் ஓட்டத்தின் அழகாகவே மாறிவிடுகிறது என்பது என் கருத்து.

புளியரையிலிருந்து இன்னொருவர்:

கொல்லங்கோட்டு அண்ணன் எழுதிய ஐம்பது, இருபத்தைந்து கணக்கில் எனக்கும் ஓர் அடி விழுந்திருக்கிறது. சாரல் காலத்தில் வெளியே எடுக்க முடியாமல், செங்கோட்டைப் பக்கம் ஒரு பழைய வீட்டுக் கூடத்தில், குழல்விளக்குகளின் கீழே நொடிக்கு 60 பிரேம் வைத்து ஒரு பாட்டு எடுத்தோம். ஓட்டிப் பார்த்தபோது சுவரெல்லாம் துடித்தது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் வைத்த பழைய குழல்விளக்கு நொடிக்கு நூறு முறை மங்கி ஒளிர்கிறது. நான் ஷட்டரை, அதாவது ஒரு பிரேமுக்குள் ஒளி விழும் நேரத்தை, 1/125 நொடியில் வைத்திருந்ததால் ஒவ்வொரு பிரேமும் அந்தத் துடிப்பின் வெவ்வேறு துண்டைப் பிடித்திருக்கிறது. 1/100 வைத்திருந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் ஒரு முழுத் துடிப்பு கிடைத்து வெளிச்சம் சமமாக இருந்திருக்கும். அன்றைய முழுநாள் உழைப்பு பயன்படவில்லை.

நகரியிலிருந்து மற்றொருவர்:

நான் படம் எடுப்பவன் அல்லன், பார்ப்பவன். 'காதலன்' படத்தில் தலையும் கையும் மறைந்து உடுப்பு மட்டும் ஆடும் பகுதியை 1994இல் பார்த்ததிலிருந்து அதே நினைவாக இருந்தேன். சிறப்புக் காட்சிகளுக்கும் படத்தொகுப்புக்கும் தேசிய விருது பெற்ற படம் அது. சென்ற ஆண்டு என் அக்காள் மகனோடு சேர்ந்து கைப்பேசியில் அப்படி ஒன்றைச் செய்து பார்த்தோம். கைப்பேசியை அசையாமல் கட்டிவைத்து, ஆள் இல்லாத அறையை ஒருமுறையும் அவன் ஆடுவதை ஒருமுறையும் எடுத்து, தலையிருந்த இடத்தில் வெற்றறையை ஒட்டினோம். என்னவோ பொருந்தவில்லை. நெடுநேரம் பார்த்த பிறகே புரிந்தது: தலை இல்லையென்றால் சட்டைக் காலரின் உட்புறம், கழுத்துக்குப் பின்னே உள்ள பகுதி, கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதே சட்டையை ஒரு மூங்கில் கழியில் மாட்டித் தனியாக எடுத்துச் சேர்த்தோம், அப்போதும் காலர் தனியாகத் தெரிந்தது. கழியில் மாட்டி எடுத்தது பிற்பகல் வெளிச்சத்தில் என்று மருமகன்தான் கண்டுபிடித்தான். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, முதலில் எடுத்த அதே நேரத்தில், அதே ஜன்னல் அருகே கழியை நட்டு மீண்டும் எடுத்தோம். பொருந்திவிட்டது.