மல்டிஹெட் மெஷினில் 14 பக்கெட்டும் 14 எடை காட்டுகிறது. பழுதா?

நைட்ஷிப்ட்காரன்:

வணக்கம். பேக்கிங் லைனில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. உருளைக்கிழங்கு சிப்ஸ், 200 கிராம் பாக்கெட். மேலே 14 பக்கெட் வைத்து எடை போடும் மல்டிஹெட், அதற்குக் கீழே பை போடும் மெஷின், கடைசியில் ஒவ்வொரு பாக்கெட்டையும் மறுபடி எடை பார்க்கும் செக்வெயர். இரண்டு விஷயம் பிடிபடவில்லை.

திரையில் எல்லா பக்கெட்டின் எடையும் தெரிகிறது. ஒன்றில் 43, ஒன்றில் 58, ஒன்றில் 49. எதுவும் எதோடும் ஒத்துப்போவதில்லை. தட்டை அதிர்த்து பக்கெட்டுக்குள் சிப்ஸைத் தள்ளும் வைப்ரேட்டரின் அளவைக் கூட்டிக் குறைத்து எல்லாவற்றையும் 52 பக்கம் கொண்டுவந்தேன். உடனே பாக்கெட்டுகள் 207, 208 என்று கனத்துப் போயின. சூப்பர்வைசர் திட்டினார். காரணம் மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று, செக்வெயர் அவ்வப்போது ஒரு பாக்கெட்டை 198 என்று சொல்லித் தள்ளிவிடுகிறது. அதையே எடுத்து மேசைத் தராசில் வைத்தால் 203. எதை நம்புவது?

லோட்செல் தாத்தா:

தம்பி, நல்ல வேளை 52-ல் நிறுத்தினீர்கள். இருபத்தாறு வருஷம் இந்த மெஷின்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். புதிதாக வருகிற எல்லோரும் முதலில் செய்கிற வேலை இதுதான், நானும் செய்திருக்கிறேன்.

மல்டிஹெட் எந்த பக்கெட்டிலும் சரியான எடையைப் போட முயல்வதே இல்லை. குத்துமதிப்பாகக் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைத்துக்கொண்டு, எந்தெந்த பக்கெட்டைச் சேர்த்தால் 200 வரும் என்று கணக்குப் பார்க்கிறது. உங்கள் திரையில் 43.2, 49.2, 52.3, 55.4 என்று நான்கு இருந்தால் கூட்டிப் பாருங்கள், 200.1. அந்த நான்கு கதவு மட்டும் திறக்கும். மற்ற பத்தும் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். 14-ல் நான்கைத் தேர்ந்தெடுக்க 1001 வழி உண்டு. மூன்று, ஐந்து என்றும் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் இன்னும் அதிகம். இத்தனையில் ஒன்றாவது 200-ஐ ஒட்டி விழாமல் போகாது.

இப்போது நீங்கள் செய்ததைப் பாருங்கள். எல்லாம் 52 என்றால் மூன்று சேர்த்தால் 156, நான்கு சேர்த்தால் 208. ஆயிரம் வழியும் ஒரே விடைக்குத்தான் போகும். பாக்கெட்டுக்கு 8 கிராம் சும்மா போகிறது. நிமிஷத்துக்கு 60 பாக்கெட் என்றால் மணிக்கு 28.8 கிலோ. சூப்பர்வைசர் திட்டாமல் என்ன செய்வார்?

பக்கெட்டுக்குச் சராசரி 50 வரட்டும், அதாவது 200-ஐ நான்கால் வகுத்தது. அதைச் சுற்றி மேலும் கீழும் சிதறட்டும். அந்தச் சிதறலை வைத்துத்தான் மெஷின் பிழைக்கிறது. ஆனால் ஒரு பக்கெட் மட்டும் 90, 100 என்று போனால் அது எந்தக் கூட்டிலும் சேராது, மூடியே கிடக்கும். அப்போது அந்த ஒரு தட்டின் வைப்ரேட்டரை மட்டும் குறையுங்கள்.

ஜப்பானில் இஷிடா நிறுவனம் 1972-ல் மல்டிஹெட்டைக் கொண்டுவந்தது குடைமிளகாய்க்காக. ஒரு காய் பெரிது, ஒரு காய் சிறிது, பாதியாக வெட்டியும் போட முடியாது. கடைசிக் காயைப் போட்டால் எடை கூடும், போடாவிட்டால் குறையும். கையால் எடை போட்டவர்கள் காயை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததைத்தான் மெஷின் ஒரு நொடிக்குள் செய்கிறது.

ஒவ்வொரு பக்கெட்டுக்கும் பின்னால் ஒரு லோட்செல் இருக்கிறது. குடைந்த உலோகத் துண்டுதான். எடை ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன் மேல் ஒட்டிய மெல்லிய படலம் நீளும்போது மின்தடை மாறும். பொதுவாக 10 வோல்ட் கொடுத்தால் முழு எடைக்கும் திரும்பி வருவது 20 மில்லிவோல்ட் அளவுதான். அதனால் கழுவும்போது பக்கெட்டைப் பிடித்துத் தொங்காதீர்கள். கழற்றி மாட்டும்போது ஓங்கித் தட்டாதீர்கள். செத்துப்போன லோட்செல்களில் பாதியைக் கொன்றது மனிதக் கைதான் என்பேன்.

உங்கள் 198-க்கு வருகிறேன். செக்வெயர் ஓடுகிற பாக்கெட்டை எடை போடுகிறது. பாக்கெட் 25 சென்டிமீட்டர், எடைபோடும் பெல்ட் 45 சென்டிமீட்டர் என்று வையுங்கள். பாக்கெட் முழுசாக அந்த பெல்ட் மேல் இருப்பது 20 சென்டிமீட்டர் தூரம்தான். பெல்ட் நொடிக்கு ஒரு மீட்டர் ஓடினால் 0.2 நொடி. ஏறிய அதிர்ச்சி அடங்குவதற்கே அதில் பாதி போய்விடும். இரண்டு பாக்கெட் நெருங்கி வந்தாலோ, பெல்ட்டுக்கு அடியில் சில்லு மாட்டினாலோ, காற்று அடித்தாலோ எண் ஆடும். ஒரு தடவை நான் லோட்செல்லை மாற்றி, போர்டை மாற்றி, இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் அலைந்தேன். கடைசியில் பார்த்தால் ஆபரேட்டர் வேர்க்கிறது என்று ஃபேனைத் திருப்பி வைத்திருக்கிறார்.

க்யூசி அக்கா:

தாத்தா சொல்வது சரி, ஆனால் ஃபேனைத் தேடுவதற்கு முன் ஒன்று. தம்பி, மேசைத் தராசில் பாக்கெட்டை அப்படியே வைத்தீர்களா? வெறும் கவரை எடை போடுங்கள். செக்வெயரில் கவர் எடையைக் கழித்திருப்பார்கள், உங்கள் தராசில் கழித்திருக்க மாட்டீர்கள்.

அப்புறம், 198 வந்ததும் பயப்பட வேண்டாம். ஓஐஎம்எல் ஆர் 87 என்ற சர்வதேசப் பரிந்துரைப்படி 200 கிராம் பாக்கெட் ஒன்றில் 9 கிராம் வரை குறைவது பொறுக்கப்படும். ஆனால் மொத்த லாட்டின் சராசரி 200-க்குக் கீழே போகக் கூடாது. 9-க்கு மேல் குறைந்தவை 2.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 18-க்கு மேல் ஒன்றுகூடக் குறையக் கூடாது. உங்கள் கம்பெனி அதைவிட இறுக்கமாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

நைட்ஷிப்ட்காரன்:

அக்கா, கவர் 4.6 கிராம்! அப்படியென்றால் உள்ளே 198.4. செக்வெயர்தான் சரி. ஆனால் மல்டிஹெட் திரையில் ஒவ்வொரு கூட்டும் 200-க்குக் குறையாமல்தான் காட்டுகிறது. நடுவில் ஒன்றரை கிராம் எங்கே போனது?

லோட்செல் தாத்தா:

இப்போதுதான் சரியான கேள்வி கேட்கிறீர்கள். தள்ளப்பட்ட பாக்கெட்டுக்கு அடுத்து வந்த பாக்கெட்டின் எடையைப் பாருங்கள்.

நைட்ஷிப்ட்காரன்:

பார்த்தேன். நேற்று இரவு ஒன்பது தடவை தள்ளியது. ஏழு தடவை அடுத்தது கனமாக இருந்தது. ஒன்றில் 198.4, அடுத்து 201.9.

லோட்செல் தாத்தா:

திருட்டு பிடிபட்டது. மேலிருந்து நான்கு பக்கெட்டும் ஒன்றாகத் திறந்தாலும் சிப்ஸ் ஒன்றாக விழாது. முதல் துண்டு பைக்குள் போய்ச் சேரும்போது கடைசித் துண்டு பக்கெட்டுக்கும் பைக்கும் நடுவிலுள்ள சரிவில் உருண்டுகொண்டிருக்கும். அதற்குள் பையை ஒட்டும் தாடை மூடினால் பின்தங்கியது அடுத்த பைக்குப் போகும். பை மூடும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிவைத்துப் பாருங்கள். சூப்பர்வைசரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நைட்ஷிப்ட்காரன்:

செய்தோம் அய்யா. தள்ளுவது நின்றது. ஆனால் வேகம் 60-லிருந்து 56 ஆகிவிட்டது. காலையில் மேனேஜர் கேட்டார்.

லோட்செல் தாத்தா:

மெஷினை நிறுத்தி, பவரை அணைத்துவிட்டு, அந்தச் சரிவைக் கையால் தடவிப் பாருங்கள். எண்ணெயும் உப்பும் பிசுக்காகப் படிந்திருந்தால் துடைத்துவிட்டு, பழைய நேரத்துக்கே திருப்பி வையுங்கள்.

நைட்ஷிப்ட்காரன்:

விரல் ஒட்டுகிறது அய்யா. துடைக்கப் போகிறேன்.