சாத்தூர், கோவில்பட்டி, திருவில்லிபுத்தூர்: எதை எங்கே, எந்த வரிசையில் வாங்குவது?

மஞ்சப்பைக்காரன்

வணக்கம். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட ஊருக்குப் போகிறேன். சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகும் வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய சின்ன ஊர். நான் பிறந்து வளர்ந்தது அம்பத்தூரில். இதுவரை அப்பா முன்னால் போவார், நாங்கள் பின்னால் போவோம். பரீட்சை, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லிப் போகாமலும் இருந்திருக்கிறோம். போன ஆவணியில் அப்பா காலமாகிவிட்டார். இந்த முறை நான் மட்டும்.

அப்பா ஊரிலிருந்து திரும்பினால் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். இரண்டு மஞ்சப்பைகள், ஒன்றில் காரம், ஒன்றில் இனிப்பு. குளிக்கக்கூடப் போகாமல் கூடத்தில் செய்தித்தாளை விரித்துப் பங்கு பிரிக்க உட்கார்ந்துவிடுவார். பதினொரு வீடுகள். கீழ்வீட்டு அம்மாவுக்குச் சேவு ஒரு கை கூடுதல். எதிர்வீட்டில் கணவன், மனைவி இருவருக்கும் சர்க்கரை நோய். அங்கேயும் பால்கோவா போயாக வேண்டும். "அவர்கள் தின்னாவிட்டால் பேரன் தின்பான், கொடுக்காமல் விட்டால் மனதில் வைத்துக்கொள்வார்கள்" என்பார். தட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவது என் வேலை. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அதில் எனக்கிருந்த கூச்சம் கொஞ்சமல்ல.

இப்போது அந்தப் பதினொரு வீடுகளுக்கும் நான் கொண்டுபோக வேண்டும் என்று நினைக்கிறேன். மூன்று நாள் பயணம். எதை முதலில் வாங்குவது, எது எத்தனை நாள் தாங்கும்? இரண்டு வருடத்துக்கு முன் நான் வாங்கிய பால்கோவா வீடு வந்து சேர்வதற்குள் புளித்துவிட்டது. வாங்கிய கடையில் "ஒரிஜினல்" என்று பலகை இருந்தது. அடுத்த கடையிலும் அதே பலகை இருந்தது. எதுதான் ஒரிஜினல்?

இன்னொன்று. அப்பா ஒரு தின்பண்டம் கொண்டுவருவார். விரல் பருமனில், வளைத்து வளைத்துப் பிழிந்தது போல இருக்கும். கறுப்பாக ஒன்று, வெள்ளையாக ஒன்று. கடித்தால் உள்ளிருந்து பாகு இறங்கும், கையெல்லாம் பிசுபிசுக்கும். அப்பா அதை "மிட்டாய்" என்று மட்டும்தான் சொல்வார். இங்கே இனிப்புக் கடையில் விவரம் சொல்லிக் கேட்டால் ஜாங்கிரியைக் காட்டுகிறார்கள். அது இல்லை. இதன் முழுப் பெயர் என்ன?

சேவுக்கரண்டி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கறுப்பு, கருப்பட்டி மிட்டாய். வெள்ளை, சீனி மிட்டாய். எங்கள் பக்கம் இரண்டுக்கும் மிட்டாய் என்றாலே போதும். உங்கள் அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர்களில் ஏணிப்படி மிட்டாய், சீரணி மிட்டாய் என்றும் சொல்வார்கள். ஜாங்கிரிக்கு உளுந்து பிரதானம், இதற்கு அரிசி. அரிசியோடு கொஞ்சம் உளுந்து சேர்த்து ஊறவைத்து, ஆட்டி, எண்ணெயில் பிழிந்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்ட பாகில் முக்கி எடுக்க வேண்டும். பாகுக்குக் கருப்பட்டி என்றால் கறுப்பு, சீனி என்றால் வெள்ளை. கொடை, பொங்கல், திருவிழா என்று எங்கே கடை போட்டாலும் முதலில் அடுப்பு மூட்டுவது மிட்டாய்க் கடைக்காரர்தான். ஓலைப்பெட்டியில் கட்டித் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையில் வைத்தால் வேர்த்து நாறிப்போகும். இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்.

ஒரிஜினல் கடை பற்றி. நாற்பது வருடமாக சாத்தூரில் இருக்கிறேன், இந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். பலகையைப் பார்க்காதீர்கள், எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். கடலைமாவும் அரிசிமாவும் மிளகாயும் பூண்டும் பிசைந்த மாவைக் கண் கரண்டியில் வைத்து, கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே ஒரு மனிதன் உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தால் அந்தக் கடையில் வாங்குங்கள். கையால் தேய்த்த சேவு ஒன்றுபோல் ஒன்று இருக்காது, குட்டையும் நெட்டையுமாக விழும். எல்லாம் ஒரே நீளத்தில் இருந்தால் எந்திரம். ஒடித்தால் ஓசை கேட்க வேண்டும், விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. காற்றுப்படாமல் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். பூண்டு சேவு, மிளகு சேவு எல்லாம் உண்டு. பதினொரு வீட்டுக்கு என்றால் சாதாரணக் காரச்சேவே போதும்.

பாகுபதம்

கோவில்பட்டிக்காரன் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முந்திய வருடம், 2019இல், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குக் கிடைத்தது. ஒரு வருடம் அவர்களுக்குப் பின்னால் நின்றது எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான், போகட்டும்.

சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் நான் மிட்டாய்ப் பட்டறையில் நின்றிருக்கிறேன். வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு பக்கம், வெல்லப்பாகு ஒரு பக்கம். பாகு ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டால் "டங்" என்று கேட்க வேண்டும். அந்த ஓசை வராமல் இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும், ஓசை வந்த பிறகும் அடுப்பில் விட்டால் கசக்கும். இறக்கியதும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, உருட்டுக்கட்டையால் தேய்த்து, ஆறுவதற்குள் வெட்ட வேண்டும். பேசிக்கொண்டே செய்கிற வேலை இல்லை. என்னை ஒரு நாளும் பாகுப் பக்கம் விட்டதில்லை. தாள் சுற்றும் வேலைதான். மேலே சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தேங்காய்ப்பூ தூவியிருக்கும், அதைப் பார்த்தாலே எங்கள் ஊர் மிட்டாய் என்று தெரியும்.

நீங்கள் வாங்கும் பொருள்களிலேயே அதிக நாள் தாங்குவது இதுதான். ஈரக்காற்று மட்டும் ஆகாது. அம்பத்தூர் மழையில் திறந்து வைத்துவிட்டு எங்களைக் குறை சொல்லக் கூடாது.

விருதை வாசி

எல்லாரும் பொட்டலம் கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். உட்கார்ந்து சாப்பிடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே! விருதுநகரைத் தாண்டிப் போகிறவர் எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் போனால் என்ன அர்த்தம்? கல்லில் போட்டு எடுப்பது அல்ல, எண்ணெயில் பொரித்தெடுப்பது. சின்னதாக, மொறுமொறுவென்று இருக்கும். இலையில் நொறுக்கிப்போட்டு, சால்னாவை ஊற்றி, ஊறும்முன் பாதி, ஊறிய பின் பாதி. சாயங்காலத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். இதைக் கட்டிக்கொண்டு போகலாமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

வழி சொல்கிறேன். கடைசி நாள் காலையில் கோவில்பட்டி போய்க் கடலை மிட்டாய் வாங்குங்கள். திரும்பும்போது சாத்தூரில் சேவும் மிட்டாயும். அங்கிருந்து சிவகாசி வழியாகத் திருவில்லிபுத்தூர் பஸ். கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, பிற்பகலில் பால்கோவா. பிறகு மறுபடியும் சிவகாசி வழியாக விருதுநகர், பரோட்டா. செங்கோட்டையிலிருந்து சென்னை போகிற பொதிகை ரயில் திருவில்லிபுத்தூர், சிவகாசி வழியாக இரவில் விருதுநகருக்கு வரும். ஏறிப் படுத்தால் காலையில் சென்னை. பால்கோவா வாங்கி ஒரு இரவுதான் ஆகியிருக்கும். போன முறை அதை முதல் நாளே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருப்பீர்கள். பாலும் சீனியும் தவிர வேறெதுவும் இல்லாத பண்டம், அது எத்தனை நாள்தான் பொறுக்கும்? சூடு ஆறிய பிறகு கட்டச் சொல்லுங்கள். சுடச்சுட மூடினால் உள்ளே நீர்கோத்துப் புளிக்கும்.

கொடிக்கால் வீட்டு ஆச்சி

தம்பி, வாங்கிக்கொண்டு போவதை எல்லாரும் சொல்லிவிட்டார்கள். நீங்கள் ஊருக்கு என்ன கொண்டுவருகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. வெறுங்கையோடு வந்து இறங்காதீர்கள். உங்கள் அப்பா என்ன கொண்டுவருவார் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

அடுத்து, தலைக்கட்டு வரி, அதாவது சாமி கும்பிட குடும்பத்துக்கு ஒன்று என்று கொடுக்கும் வரி. அப்பா இருந்தவரை அவர் பெயரில் ஒரு தலைக்கட்டு. இப்போது அது உங்கள் பெயருக்கு மாற வேண்டும். பங்காளிகளில் மூத்தவர் யாரோ அவரிடம் முன்கூட்டியே பேசி வரியைக் கொடுத்துவிடுங்கள். மறுநாள் கிடாய் வெட்டிப் பங்கு வைக்கும்போது தலைக்கட்டுக்கு ஒரு கூறு என்று இலையில் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வரி கொடுக்காமல் நின்றால் விருந்தாளி என்று நினைத்துச் சோறு போடுவார்கள், கூறு வராது. சோறு நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் விருந்தாளி விருந்தாளிதான்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிப் பக்கம் வந்துவிட வேண்டாம், கூட்டத்தில் ஒரு கடையையும் நெருங்க முடியாது. மாசிதான் சரி.

மஞ்சப்பைக்காரன்

ஆச்சி, அம்மாவிடம் கேட்டேன். காப்பித் தூள். முதல் நாள் சாயங்காலம் புதிதாக வறுத்து அரைத்தது, கால் கிலோப் பொட்டலங்களாக ஏழு. ரயில் பெட்டி முழுக்க மணக்குமாம். எனக்கு இது தெரியவே தெரியாது. அப்பா போகும்போது பை காலியாக இருக்கும், வரும்போதுதான் நிறையும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏழு வீடுகள் எவை என்று அம்மாவுக்கு நினைவில்லை. பெரியப்பா மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். ஐந்து வீடுகளைச் சொல்லிவிட்டு, "மீதி இரண்டும் இப்போது இல்லை" என்றார். நான் ஏழாகவே வாங்கியிருக்கிறேன்.

மஞ்சப்பைக்காரன் (பன்னிரண்டு நாள் கழித்து)

போய் வந்துவிட்டேன். வரி கொடுத்தேன். கூறு வைக்கும்போது அப்பா பெயரைத்தான் கூப்பிட்டார்கள், நான் எழுந்திருக்கவில்லை. பெரியப்பா மகன் முதுகில் தட்டி "உன்னைத்தான், போய் வாங்கு" என்றார்.

விருதை வாசி சொன்ன வழியில் ஒரு மாற்றம்கூட இல்லாமல் வந்தேன். பரோட்டா எட்டு. பால்கோவா புளிக்கவில்லை. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுத்தான் பங்கு பிரித்தேன், அப்பாவைப் போல என்னால் முடியாது. பதினொரு வீடுகளில் இரண்டில் ஆள் மாறிவிட்டார்கள். புதிதாக வந்திருக்கும் ஒடியாக் குடும்பத்துக்குச் சேவு கொடுத்தேன். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்து "எவ்வளவு?" என்று விலை கேட்டார். விளங்கவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. அன்று இரவே தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தார், அதில் ஏதோ அரிசிமாவுப் பலகாரம் இருந்தது. பெயர் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு சந்தேகம். கருப்பட்டி மிட்டாய் நான்கு மீதி இருக்கிறது, இறுகிவிட்டது. சூடு பண்ணலாமா?

சேவுக்கரண்டி

வேண்டாம். இறுகியதை அப்படியே கடித்து மெல்லுங்கள், அதற்கென்றே ஒரு ருசி உண்டு. பதினொரு வீட்டுக்குப் போக நான்கு மீதி என்றால் கணக்குத் தப்பாக வாங்கியிருக்கிறீர்கள். சாத்தூர் பஸ் நிலையத்தில் வெள்ளரிப் பிஞ்சு வாங்கினீர்களா, இல்லையா? அதைப் பற்றி ஒரு வார்த்தையும் காணோம்.