தொடர்களை டிஸ்க்கில் வாங்குவதா, டவுன்லோடில் வாங்குவதா? விலை நியாயம்தானா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நள்ளிரவு ரசிகை:

வணக்கம். எனக்கு மிகவும் பிடித்த ஒரு துப்பறியும் தொடரின் முழு சீசனும் சமீபத்தில் ப்ளூ-ரே பெட்டியாகவும் விற்பனைக்கு வந்தது, டவுன்லோடாகவும் வந்தது. இரண்டுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். யோசிக்காமல் பெட்டியை வாங்கிவிட்டேன். ஆனால் விலை ஏன் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

டிஸ்க் என்றால் அச்சடிக்க வேண்டும், அட்டை போட வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும், கடைக்காரர் இடம் ஒதுக்க வேண்டும், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். டவுன்லோடுக்கு இதில் எதுவும் கிடையாது. சர்வர் செலவு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அட்டையும் லாரியும் கடை வாடகையும் சேர்ந்த விலையையே அதற்கும் வைப்பதா?

இது இன்று நேற்று வந்த பிரச்சினை இல்லை. 2005 அக்டோபரில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் கடையில் தொலைக்காட்சித் தொடர்களை விற்க ஆரம்பித்தபோது ஒரு எபிசோட் 1.99 டாலர். 22 எபிசோட் உள்ள ஒரு சீசனை ஒவ்வொன்றாக வாங்கினால் 43.78 டாலர் ஆகிறது. அதற்குக் கிடைத்த படம் 320க்கு 240 புள்ளிகள். அதே காலத்து அமெரிக்க டிவிடியில் 720க்கு 480. பெருக்கிப் பார்த்தால் 76,800 எங்கே, 3,45,600 எங்கே! நாலரை மடங்கு வித்தியாசம். அடுத்த வருடம் செப்டம்பரில் 640க்கு 480 ஆக்கினார்கள், விலையை ஏற்றவில்லை. அது நல்ல காரியம். ஆனாலும் இயக்குநரும் நடிகர்களும் காட்சிகளைப் பற்றிப் பேசும் வர்ணனை, நீக்கிய காட்சிகள், படப்பிடிப்புக் காட்சிகள் எல்லாம் டிஸ்க்கில்தான் இருந்தன.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரவல் கொடுக்க முடியாத, மறுபடி விற்க முடியாத, கடை இழுத்து மூடினால் கூடவே போய்விடக்கூடிய ஒன்றுக்குப் பெட்டி விலையில் பாதிக்கு மேல் வாங்குவது நியாயம் இல்லை. உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள். டவுன்லோட்தான் நல்லது என்பவர்களும் அவசியம் எழுதுங்கள்.

மூன்றாம் டிஸ்க்:

நான் டிஸ்க் பக்கம். ஆனாலும் டவுன்லோடுக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒரு சம்பவம் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு மருத்துவமனைத் தொடரின் டிவிடி பெட்டி இருந்தது. அது எங்கள் அலமாரியில் இருந்த நாளைவிட ஊர் சுற்றிய நாள்தான் அதிகம். அண்ணி கொண்டு போனார், அவரிடமிருந்து அவர் தங்கை, அப்புறம் என் அலுவலகத் தோழி. எல்லோரும் பார்த்துவிட்டு ஒரே கதையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். ஒரு பெட்டி வாங்கி நாலு குடும்பம் பார்த்தது என்றால், அந்த விலையை நாலாகப் பிரித்துத்தான் கணக்குப் போட வேண்டும் இல்லையா?

திரும்பி வந்தபோது மூன்றாவது டிஸ்க்கில் வளைவாக ஒரு கீறல். டிவிடியில் தகவல் உள்வட்டத்திலிருந்து வெளியே சுற்றிச் சுற்றி எழுதப்பட்டிருக்கும். மையத்திலிருந்து விளிம்பை நோக்கி நேராக விழும் கீறலைப் பிளேயர் பெரும்பாலும் சமாளித்துவிடும். சுற்றுப் பாதையோடு சேர்ந்து வளைந்து ஓடும் கீறல்தான் ஆபத்து, ஒரே இடத்தில் தொடர்ச்சியாகத் தகவல் போய்விடும். எங்களுடையது அந்த ரகம். அறுவை சிகிச்சைக் காட்சியில் டாக்டர் கத்தியை எடுக்கிறார், முகம் சதுரம் சதுரமாக உடைகிறது, குரல் விக்குகிறது, படம் நின்றே போகிறது. துடைத்துப் பார்த்தோம், வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தோம். நடக்கவில்லை.

முழுப் பெட்டியும் திரும்ப வாங்க மனம் வரவில்லை. அந்த ஒரு எபிசோடை மட்டும் டவுன்லோடில் வாங்கிக்கொண்டேன். டிஸ்க் உலகத்தில் இதற்கு வழியே கிடையாது, ஒரு எபிசோடைத் தனியாக எந்தக் கடையில் விற்கிறார்கள்? அதனால் தனி எபிசோட் விலையில் எனக்குக் குறை இல்லை. முழு சீசனையும் அந்தத் தனி விலையைப் பெருக்கி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை. மொத்தமாக வாங்குகிறவருக்கு விலை கண்ணில் தெரிகிற அளவு குறைய வேண்டும்.

கடல் கடந்தவன்:

நான் வேலைக்காக நாடு மாறியவன். இரண்டு பக்கமும் அடி வாங்கியிருக்கிறேன்.

முதலில் டவுன்லோட். புது நாட்டுக்குப் போனதும் அங்கத்திய வங்கி அட்டையைச் சேர்க்க வேண்டும் என்பதற்காகக் கணக்கின் நாட்டை மாற்றினேன். மறுநாள் பார்த்தால் நான் காசு கொடுத்து வாங்கியிருந்த தொடர்களில் பாதிக்கு மேல் பட்டியலில் இல்லை. வாடிக்கையாளர் சேவையில் கேட்டேன். அந்த நாட்டில் அவற்றை விற்கும் உரிமை தங்களிடம் இல்லை, பழைய நாட்டுக்கே கணக்கை மாற்றினால் திரும்பத் தெரியும் என்றார்கள். நான் வாங்கும்போது "நீங்கள் இந்த நாட்டில் குடியிருக்கும் வரை மட்டும்" என்று யாரும் சொல்லவில்லையே. மனது மிகவும் கஷ்டப்பட்டது.

டிஸ்க்குகளைப் பெட்டியில் போட்டுக் கையோடு கொண்டுபோனேன். அவை காணாமல் போகவில்லை, ஆனால் அங்கே வாங்கிய பிளேயர் ஏற்க மறுத்தது. டிவிடிக்கு உலகத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ப்ளூ-ரேக்கு ஏ, பி, சி என்று மூன்று. காரணம் விலைதான். ஒரு மண்டலத்தில் மலிவாக விற்பது இன்னொரு மண்டலத்துக்குப் போய்விடக் கூடாது, வெளியீட்டுத் தேதிகளும் குழம்பக் கூடாது. கடைசியில் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்று வாங்கினேன். பிரச்சினை தீர்ந்தது. டவுன்லோட் பக்கம் நான் எதை வாங்கினால் தீரும்?

அங்கேயே வாங்கிய ஒரு அமெரிக்கத் தொடரின் பால் (PAL, நொடிக்கு 25 சட்டகம் ஓடும் தொலைக்காட்சி முறை) டிவிடி பற்றி ஒரு சின்ன விஷயம். பாடத் தெரிந்த என் அம்மா ஆரம்ப இசையைக் கேட்டதும், "சுருதி ஏறியிருக்கிறதே" என்றார். அவர் சொன்னது சரிதான். நொடிக்கு 24 சட்டகத்தில் எடுத்ததை 25ஆக ஓட்டும்போது நாலு சதவீதம் வேகம் கூடும், கூடவே குரலும் இசையும் மேலே ஏறும். 44 நிமிட எபிசோட் 42 நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். டவுன்லோடில் அதே தொடர் சரியான வேகத்தில் இருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டும் ஒட்டும்:

நான் எடிட்டிங் துறையில் இருக்கிறேன். விலையைக் குறைத்தால் எழுதினவர், நடித்தவர் வயிற்றில் அடிப்பதாகும் என்று சிலர் சொல்வார்கள். அது எனக்கு நெருக்கமான கவலை, அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

ஹாலிவுட் எழுத்தாளர் சங்கம் 2007 நவம்பர் 5இல் தொடங்கி 2008 பிப்ரவரி 12 வரை வேலைநிறுத்தம் செய்தது. சண்டையின் மையத்தில் இருந்தவற்றில் ஒன்று இதே டிஸ்க்கும் டவுன்லோடும்தான். 1980களில் வீடியோ கேசட் புதிதாக வந்தபோது, அதன் தயாரிப்புச் செலவு அதிகம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லி, வசூலில் 20 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுத்து அதிலிருந்து பங்கு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். கேசட் போய் டிவிடி வந்தது, செலவு வெகுவாகக் குறைந்தது, கணக்கு மட்டும் மாறவில்லை. மொத்தத்தில் எழுத்தாளருக்குப் போனது வசூலில் 0.3 முதல் 0.36 சதவீதம். டவுன்லோடுக்கும் அதே விகிதம்தான் என்றபோதுதான் பொறுமை போனது.

முடிவில் வந்த ஒப்பந்தப்படி, ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி முதல் 1,00,000 டவுன்லோட் வரை விநியோகஸ்தர் வசூலில் 0.36 சதவீதம், அதற்கு மேல் 0.70 சதவீதம். 1.99 டாலர் எபிசோடில் இது எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள். முதல் லட்சம் வரை ஒரு சென்ட்கூடத் தேறாது. ஆகவே எழுத்தாளருக்காகத்தான் இந்த விலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விலையைப் பாதியாக்கிவிட்டு எழுத்தாளர் பங்கை இரட்டிப்பாக்கினாலும் அவருக்கு ஒரு பைசா குறையாது, வாங்குகிறவருக்குப் பாதி மிச்சம்.

விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கும் அதே 2007இல் ஒரு சாட்சி இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்.பி.சி. யுனிவர்சலுக்கும் ஆப்பிளுக்கும் தகராறு வந்தது. என்.பி.சி. கேட்கும் மொத்த விற்பனை விலையைக் கொடுத்தால் எபிசோடை 4.99 டாலருக்கு விற்க வேண்டியிருக்கும் என்றது ஆப்பிள். நாங்கள் அப்படிக் கேட்கவே இல்லை, விலையில் நெகிழ்வுதான் கேட்டோம் என்றது என்.பி.சி. தொடர்கள் கடையிலிருந்து போயின, 2008 செப்டம்பரில் திரும்பி வந்தன. எச்.டி. எபிசோட் 2.99 டாலர். இந்தப் பேச்சில் பார்வையாளருக்கு நாற்காலியே போடவில்லை.

நள்ளிரவு ரசிகை:

வெட்டும் ஒட்டும் அண்ணா, இந்தக் கணக்கை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி.

பூட்டிய கடை:

நான் வாங்கிய டவுன்லோட் கடை மூடப்பட்டது. மின்னஞ்சல் ஒன்று வந்தது: இந்தத் தேதிக்கு மேல் உங்கள் கோப்புகள் திறக்காது. கோப்பு என் கணினியில்தான் இருக்கிறது, அளவு தெரிகிறது, பெயர் தெரிகிறது. தேதி தாண்டியதும் இரண்டு தட்டு தட்டினால் உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று ஒரு சாம்பல் நிறக் கட்டம். அவ்வளவுதான். பணத்துக்குப் பதிலாக இன்னொரு சேவையில் செலவழிக்கக் கூப்பன் கொடுத்தார்கள். அங்கே அந்தத் தொடரே கிடையாது!

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. 2007 ஆகஸ்டில் கூகுள் வீடியோ தன் விற்பனைப் பகுதியை மூடியபோதும் முதலில் இப்படித்தான் செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பிய பிறகு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். 2023 டிசம்பரில் பிளேஸ்டேஷனில் டிஸ்கவரி நிகழ்ச்சிகளை வாங்கியவர்களுக்கு, மாதக் கடைசியில் அவை உங்கள் நூலகத்திலிருந்து நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. பெரிய சத்தம் எழுந்ததும் புது உரிம ஒப்பந்தம் போட்டு, அந்த நீக்கத்தைக் குறைந்தது 30 மாதங்களுக்கு நிறுத்தி வைத்தார்கள். விலைக்கு வாங்கிய பொருளுக்கு முப்பது மாதத் தவணை!

கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. நிரந்தரமாகக் கையில் வைத்துக்கொள்ளும்படி கோப்பைத் தராமல் உரிமம் மட்டும் தருகிறவர்கள், அதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்குங்கள்" என்று பொத்தான் வைக்கக் கூடாது. நல்ல ஆரம்பம். ஆனால் அறிவிப்பு வைத்துவிட்டால் போதுமா? வாடகைதான் என்று ஒப்புக்கொண்ட பிறகும் விற்பனை விலையை அப்படியே வைத்திருக்கிறார்களே.

பழைய பெட்டி:

மறுவிற்பனையைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை. நான் பார்த்து முடித்த பெட்டிகளை விற்று அடுத்ததை வாங்குகிறவன். நல்ல நிலையில் இருந்தால் கணிசமான தொகை திரும்பி வரும். ஆகையால் டிஸ்க்கின் உண்மையான விலை கடையில் கொடுத்ததல்ல, அதில் திரும்பி வருவதைக் கழித்தால் மிஞ்சுவது.

இந்த உரிமைக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கு இருக்கிறது. ஒரு பதிப்பகம் தன் நாவலில், ஒரு டாலருக்குக் குறைத்து விற்றால் பதிப்புரிமை மீறல் என்று அச்சடித்தது. ஒரு பெரிய கடை 89 சென்ட்டுக்கு விற்றது. 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், முதல் விற்பனை முடிந்த பிறகு விலையைக் கட்டுப்படுத்தும் உரிமை பதிப்பாளருக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. பழைய புத்தகமும் பழைய டிவிடியும் அங்கே சுதந்திரமாகக் கைமாறுவது அந்த வழியில்தான். டிஜிட்டல் கோப்புக்கு இது பொருந்துமா என்று ரெடிஜி என்ற நிறுவனம் பாட்டுக் கோப்புகளை வைத்து முயன்றது. கோப்பை அனுப்பும்போது புதிய பிரதி உருவாகிறது, ஆகவே முடியாது என்று 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய நீதிமன்றமும் 2019இல் மின்னூல் விஷயத்தில் மறுவிற்பனைக்கு இடமில்லை என்றது.

சரி, சட்டம் அப்படியே இருக்கட்டும். மறுவிற்பனை இல்லாத பொருளுக்கு மறுவிற்பனை உள்ள பொருளின் விலையைக் கேட்பது எப்படிச் சரியாகும்? ரசிகை பாதி என்றார். நான் மூன்றில் ஒரு பங்கு என்பேன்.

கடல் கடந்தவன்:

பழைய பெட்டி ஐயா, மூன்றில் ஒரு பங்கு என்றால் நானும் டவுன்லோடுக்கே போய்விடுவேன். ஆனால் பூட்டு இல்லாத, அதாவது உரிமச் சரிபார்ப்பு கேட்காமல் திறக்கும் கோப்பாகத் தந்தால் முழு விலையும் கொடுக்கத் தயார். பாட்டுக் கடைகள் பல 2009க்குள் பூட்டை எடுத்துவிட்டன, பாட்டு விற்பனை நின்றா போனது? தொடர்களுக்கு ஏன் முடியாது?

நள்ளிரவு ரசிகை:

அதை நானும் ஏற்கிறேன். பூட்டு இல்லாத கோப்பு, சப்டைட்டிலோடு, வர்ணனையோடு வந்தால் பெட்டி விலைக்கே வாங்குவேன். பாதி விலை என்று நான் சொன்னது பூட்டுப் போட்டு விற்பதற்கு மட்டும்.

டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அவசரச் செய்தி. 2006 முதல் 2009 வரை தயாரான தன் டிவிடிகளில் சில பழுதாகலாம் என்று வார்னர் பிரதர்ஸ் 2025இல் ஒப்புக்கொண்டது. முடிந்தவற்றை மாற்றித் தருவதாகவும், முடியாதவற்றுக்கு இணையான வேறு படம் தருவதாகவும் சொன்னார்கள். வெளியே கீறலே இல்லாமல் உள்ளுக்குள் கெட்டுப்போகிற வகை இது. மெனு வருகிறது, முதல் எபிசோட் ஓடுகிறது என்று நம்பி மூடி வைத்துவிடாதீர்கள். கோளாறு பின்பாதியில் மட்டும் காட்டலாம். ஒவ்வொரு டிஸ்க்கிலும் கடைசி எபிசோடைப் போட்டு முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். பழுதானது இருந்தால் தலைப்பையும் அட்டையில் உள்ள வருடத்தையும் இங்கே எழுதுங்கள், மற்றவர்களும் தங்கள் பிரதியைச் சரிபார்த்துக்கொள்வார்கள்.