டஸ்கன் லெதர்: ஒரு இலட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கலாமா?

கன்னன்குடா இளையவன்

வணக்கம். டொம் ஃபோர்ட் நிறுவனத்தின் டஸ்கன் லெதர் என்ற வாசனைத் திரவியம், 50 மில்லிலீற்றர் போத்தலுக்குக் கொழும்பில் ஒருவர் 1,10,000 ரூபாய் கேட்கிறார். அப்பா கூத்து அண்ணாவியார். மத்தளத் தோலை முகர்ந்தே வளர்ந்தவன் நான். தோல் வாசனை என்றால் அப்படியொரு விருப்பம். கடையில் காகிதத் துண்டில் தெளித்துத் தந்தார்கள், மனம் அங்கேயே நின்றுவிட்டது. மட்டக்களப்பு நகரில் வங்கி வேலை, தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். காசு சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

கல்லடிக் கரையோரம்

வேண்டாம் தம்பி. குளிரூட்டிய அறைக்குள் பத்துப் பேர் இருக்கும் இடம் வங்கி. எங்கள் அலுவலகத்தில் ஒற்றைத் தலைவலி உள்ள அக்கா ஒருவர், கனமான வாசனை வந்தால் பாதி நாளில் வீட்டுக்குப் போய்விடுவார். இந்த வகை வாசனை மெல்லப் பேசத் தெரியாதது.

காத்தான்குடி அத்தர்

தம்பி, தோஹாவில் வாசனைக் கடையொன்றில் நெடுங்காலம் நின்றவன் நான். இப்போது ஊரில் அத்தர் விற்கிறேன். நீங்கள் கேட்கும் போத்தல் என்னிடம் இல்லை. விற்கும் எண்ணமும் இல்லை. அதனால் மனம் திறந்து சொல்லலாம்.

முதலில் மத்தளத்தை ஒருபுறம் வையுங்கள். அதற்குப் போர்த்துவது மயிர் நீக்கிக் காயவைத்த பதனிடாத தோல். அதில் வருவது மாட்டின் வாசனை. போத்தலில் இருப்பது பதனிட்ட தோலின் வாசனை, அதுவும் தோலிலிருந்து எடுத்ததல்ல. மல்லிகையிலிருந்து எடுப்பது போலத் தோலிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்க முடியாது. வேறு பொருட்களைச் சேர்த்துத்தான் தோலின் நினைப்பை வரவழைப்பார்கள். பேர்ச் மரப்பட்டைத் தார் புகையைத் தரும். கச்சாத் தாரைச் சேர்க்க இப்போது அனுமதி இல்லை, சுத்திகரித்ததையே சேர்க்கிறார்கள். ஐசோபியூட்டில் குயினோலின் என்ற செயற்கைப் பொருள் கசப்பும் பச்சையுமான தோலைத் தரும். 1944இல் ஜெர்மைன் செலியே உருவாக்கிய பான்டிட் என்ற வாசனைத் திரவியம் அந்தப் பொருளைத் துணிந்து முன்னால் நிறுத்தியது. அதை முகர்ந்தால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். எனக்கு அது பெரும் மதிப்புக்குரியது.

டஸ்கன் லெதர் 2007இல் வந்தது. ராஸ்பெரி, குங்குமப்பூ, தைம் இலை, அவற்றுக்கு அடியில் தோல். புதிய தோல் கைப்பையைத் திறந்து உள்ளே முகத்தை வைத்தது போல இருக்கும். ஆனால் காகிதத்தில் உங்களைப் பிடித்தது பெரும்பாலும் அந்த ராஸ்பெரியின் இனிப்பாக இருக்கும். அது முதலில் வந்து முதலில் போய்விடும். நீங்கள் காசு கொடுப்பது மதியத்துக்குப் பிறகு உடம்பில் எஞ்சுவதற்கு. அதைக் கடையில் நின்று அறிய வழியே இல்லை.

ஆகவே போத்தலுக்கு முன், பெரிய போத்தலிலிருந்து ஊற்றி விற்கும் 5 மில்லிலீற்றர் சிறு குப்பி வாங்குங்கள். காலையில் குளித்து உடம்பைத் துடைத்தபின் நெஞ்சில் ஒரு தெளிப்பு, அதன் மேல் சட்டை. கையில் தெளித்தால் மணிக்கட்டோடு மணிக்கட்டு தேய்க்காதீர்கள். பஸ் ஏறுங்கள், வேலை செய்யுங்கள், வியர்க்கட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சட்டைக் கழுத்தைச் சற்று விலக்கி முகர்ந்து பாருங்கள். மாலையில் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது மறுபடியும். பகல் முழுக்க உங்கள் மூக்கு அதற்குப் பழகிவிடும், ஒன்றும் இல்லை என்று தோன்றும். அந்த நேரத்தில் இன்னொரு தெளிப்புத் தெளிக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள். கல்லடியார் சொன்ன அக்கா போன்றவர்களுக்குத் தொல்லை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இதைக் கச்சான் காற்றுக் காலத்தில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் செய்ய வேண்டும். வெக்கையில் வாசனை வேகமாக எழும், தூரமும் போகும், இனிப்பு கனக்கும். மழைக் குளிரில் அதே குப்பி அமைதியாகத் தோலும் புகையுமாகக் கிடக்கும். ஐரோப்பியர்கள் எழுதும் மதிப்புரைகளை வைத்து நம் ஊருக்கு முடிவெடுப்பது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை.

கணக்கையும் பாருங்கள். ஒரு தெளிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர். 50 மில்லிலீற்றரில் 500 தெளிப்பு. ஒன்றுக்கு 220 ரூபாய். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒன்று என்றால் நாலரை வருடத்துக்கு மேல் வரும். அவ்வளவு காலம் உங்களுக்குச் சலிக்காதா என்பதுதான் கேள்வி.

அக்கரைப்பற்று வயல்வெளி

துபாய் ரசாசி நிறுவனத்தின் லா யுகாவம் இதே சாயல்தான், விலை மிகக் குறைவு. நான் திருமண வீடுகளுக்கு அதைத்தான் போடுகிறேன். ஒருவரும் வேறுபாடு சொன்னதில்லை.

கன்னன்குடா இளையவன்

நானா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. சிறு குப்பியில் ஊற்றித் தருபவர்களை எப்படி நம்புவது? லா யுகாவம் பற்றியும் சொல்லுங்கள்.

காத்தான்குடி அத்தர்

அக்கரைப்பற்றார் சொல்வது நியாயம். தொடக்கம் மிக நெருக்கம். என் மூக்குக்கு மாலையில் எஞ்சுவதுதான் வேறு. திருமண வீட்டுக்கு அதுவே போதும். நாள் முழுக்கத் தன் உடம்பில் வைத்து அனுபவிக்க நினைப்பவருக்கு அந்த வேறுபாடு பெரிது. இரண்டையும் இரண்டு கையில் ஒரே நாளில் போட்டுப் பாருங்கள். டொம் ஃபோர்ட்டிலேயே 2018இல் வந்த ஓம்ப்ரே லெதர் இருக்கிறது. விலை ஏறக்குறையப் பாதி. ராஸ்பெரி இல்லை, தோல் இன்னும் நேராகத் தெரியும். உங்களுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். அதிலும் ஒரு சிறு குப்பி கேளுங்கள்.

ஊற்றித் தருபவரிடம் மூலப் போத்தலையும் பெட்டியையும் காட்டச் சொல்லுங்கள். போத்தலின் அடியில் உள்ள இலக்கமும் பெட்டியின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் கண்முன் ஊற்ற வேண்டும். மறுப்பவரிடம் பெரிய போத்தலும் வாங்காதீர்கள். குப்பி கண்ணாடியில் இருக்கட்டும். வாங்கியதை யன்னலோரம் வைக்காமல் அலுமாரிக்குள், பெட்டியோடு வையுங்கள். வெயிலும் சூடும் கெடுத்துவிடும். மாரி முடிந்ததும் இங்கே வந்து எழுதுங்கள்.